சனிக்கிழமை ஹாரன்கள்

ஆல்டர் ஃபோர்க்
செப்டம்பர் 14

அன்புள்ள ஓரின்,

நேற்றைய வாக்கெடுப்பின் முடிவை உனக்கு எழுத்தில் தெரிவிப்பது நம் சனிக்கிழமைக் குழுவின் தலைவர் என்ற முறையில் என் கடமை. நீ பாதியிலேயே எழுந்து கதவை அறைந்துவிட்டுப் போய்விட்டாய். அது இன்னும் கீலோடு நிற்கிறது என்பதற்காக லோவல் உனக்கு நன்றி சொல்லச் சொன்னார். பாதிரியாராக ஓய்வு பெற்றவர், அவருக்கு எதற்கும் நன்றி சொல்லிப் பழக்கம்.

உன்னை நான்கு சனிக்கிழமைகள் விலக்கி வைக்க வேண்டும் என்று ஐந்து பேர். வேண்டாம் என்று ஐந்து பேர். சமமாக வந்தால் மட்டும் தலைவர் வாக்களிக்க வேண்டும் என்பது நாம் பன்னிரண்டு பேரும் கையெழுத்திட்ட விதி. நான் விலக்கி வைக்க வாக்களித்தேன். மற்றவர்களின் வாக்கு இரகசியம், என்னுடையது மட்டும் எல்லோருக்கும் தெரியும். பதவியால் கிடைக்கிற ஒரே சலுகை அதுதான்.

வண்டியில் போகிறவர்கள் திட்டினால் சிரிக்க வேண்டும், கையசைக்க வேண்டும், பதில் சொல்லக் கூடாது. பிப்ரவரியிலிருந்து ஒரு சனிக்கிழமை தவறாமல், பதினொன்று முதல் பன்னிரண்டு வரை, சாலைச் சந்திப்பில் மூடிக் கிடக்கும் செருப்புக் கடைக்கு முன்னால் நாம் இதைத்தான் செய்து வருகிறோம். தேர்தலையும் சட்டத்தையும் மதிக்கச் சொல்லி அட்டை பிடித்துக்கொண்டு நிற்கிறவர்கள், ஓடுகிற வண்டிக்குள் காபியை ஊற்றக் கூடாது. காபி ஆறிப்போயிருந்தது என்ற உன் வாதம் குறிப்பேட்டில் பதிவாகியிருக்கிறது.

நீ கிரெஸ்டனில் உன் நண்பன் ஸ்கிப்பின் வண்டி பழுதுபார்க்கும் ஒர்க்‌ஷாப் மாடியில் தங்கியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். நம் அப்பா அம்மா வீட்டில் உன் பாதி அப்படியே இருக்கிறது. படிக்கிற கண்ணாடியை சமையலறை ஜன்னலில் விட்டுப் போயிருக்கிறாய். இத்துடன் அனுப்புகிறேன், இதைப் படிக்க வேண்டுமல்லவா.

ஆர்லிஸ்

கிரெஸ்டன்
செப்டம்பர் 22

அன்புள்ள தலைவர் அவர்களுக்கு,

கண்ணாடி வந்தது. நன்றி. அது இல்லாமலே இருந்திருக்கலாம்.

நமக்கு நடுவே ஆறு மைல். இந்தக் கடிதம் முதலில் தொண்ணூறு மைல் தள்ளியிருக்கிற நகரத்துக்குப் போய், அங்கே முத்திரை வாங்கி, மூன்று நாளில் உன்னிடம் வரும். தொலைபேசியில் பேசலாம்தான். ஆனால் மூன்றாவது நிமிடத்தில் அம்மாவின் பியானோவை யார் விற்றது என்பதில் வந்து நிற்போம்.

அந்த பிக்அப் வண்டிக்காரன் சொன்னதைக் குறிப்பேட்டில் எழுதினாயா? நான் எழுதித் தருகிறேன், சேர்த்துக்கொள். "ஏ கிழவி, இன்னும் சாகலையா நீ? வீட்டுக்குப் போய்ப் படுத்துச் சாவு!" அதைக் கேட்டு நீ சிரித்தாய். கையசைத்தாய். விதிப்படி நடந்துகொண்டாய். என் கையில் காபி இருந்தது, அவன் வண்டிக் கண்ணாடி இறங்கியிருந்தது. எழுபது வயதில் என் குறி இவ்வளவு சரியாக இருக்கும் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

என் அக்காவுக்காகச் செய்தேன். என் அக்கா எனக்கு எதிராக வாக்களித்தாள். இதை நான்கு சனிக்கிழமையில் மறக்க முடியுமா என்று தெரியவில்லை. முயற்சியும் செய்யவில்லை.

இங்கே வேலை இருக்கிறது. ஸ்கிப்புக்கு இடுப்பு வலி, குனிய முடியாது. நான் குனிகிறேன்.

ஓரின்

ஆல்டர் ஃபோர்க்
அக்டோபர் 19

அன்புள்ள ஓரின்,

உன் விலக்கு போன வாரத்தோடு முடிந்தது. நேற்று நீ வருவாயோ என்று பதினொன்றே கால் வரை தெற்கே கிரெஸ்டன் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். இது அதிகாரபூர்வமான செய்தி அல்ல.

நேற்று ஒன்பது பேர்தான் வந்தோம். ஆதரவாக அடித்த ஹாரன் பதினேழு. திட்டிக் காட்டிய நடுவிரல் இருபத்துநான்கு. முப்பத்தொரு வருஷம் மாவட்டத் தேர்தல் அலுவலராக இருந்தபோது வரிசையில் நிற்கிறவர்களை எண்ண வைத்திருந்தேனே, கட்டைவிரலால் அமுக்கினால் ஒன்று கூடுமே, அந்தச் சின்ன எண்ணியைத்தான் இப்போதும் வைத்திருக்கிறேன். ஒரே வண்டி மூன்று தடவை அடித்தாலும் ஒன்றுதான். அந்தப் பழக்கம் விடவில்லை. நடுவிரலுக்கு எண்ணி கிடையாது, நினைவில் வைத்துக்கொள்கிறேன். அதில் சிரமமில்லை.

மாவட்ட மன்றத்தில் புது யோசனை வந்திருக்கிறது. தேர்தல் அலுவலரை இனி மக்கள் தேர்ந்தெடுக்க வேண்டாமாம், மன்றத் தலைவரே நியமித்துக்கொள்வாராம். செலவு குறையுமாம். கூட்டத்தில் நான் எழுந்து பேசினேன். எனக்கு இரண்டு நிமிடம் கொடுத்தார்கள். அதற்குள் ஒருவர் தூங்கிவிட்டார். அவர் நம்மை ஆதரிக்கிறவர்.

உனக்கு மட்டும் சொல்கிறேன். நேற்று பதினொன்றரை மணிக்கு, இங்கே ஏன் நிற்கிறேன் என்று எனக்கு நினைவுக்கு வரவில்லை. அட்டையைத் திருப்பிப் படித்துப் பார்த்தேன். "சட்டம் எல்லோருக்கும்" என்று என் கையெழுத்தில் எழுதியிருந்தது. யாரோ எழுதியது போலிருந்தது. எதிரே, தேவாலயத்தில் என்னோடு இருபது வருஷம் பாடிய பெண் நின்றிருந்தாள். என்னைப் பார்த்துவிட்டுச் சாலையைக் கடக்காமல் சுற்றிப் போனாள். வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை, பசிக்கவுமில்லை. இப்படியே போனால் கிறிஸ்துமஸோடு நிறுத்திவிடுவேன். நிறுத்திய பிறகு சனிக்கிழமை என்ன செய்வது என்று யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை. மற்ற நாட்களிலும் தோன்றவில்லை.

ஆர்லிஸ்

கிரெஸ்டன்
அக்டோபர் 26

ஆர்லிஸ்,

சாப்பிடு. டப்பாவில் அடைத்த சூப்பாவது குடி. எழுத வேறொன்றும் இல்லை.

மான் வேட்டைக் காலம் நெருங்குகிறது. ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறவன் எல்லாம் வண்டியைப் பற்றிப் பேசுவதில்லை, மானைப் பற்றித்தான் பேசுகிறான். வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு மதுக்கடைக்குப் போனால் அங்கேயும் அதே பேச்சு. எந்தச் சட்டை ராசி, எந்தப் பாலம் ராசி, யாருடைய நாய் ராசி என்று. வளர்ந்த ஆண்கள். அவர்கள் எதையும் நம்புவார்கள் என்று எனக்குத் தெரியும், இத்தனை சுலபமாக நம்புவார்கள் என்று தெரியாது.

அடுத்த சனிக்கிழமையும் நில். கிறிஸ்துமஸுக்கு இன்னும் நாள் இருக்கிறது.

ஓரின்

ஆல்டர் ஃபோர்க்
நவம்பர் 23

அன்புள்ள ஓரின்,

அறுபத்துநான்கு!

இரண்டு தடவை சரிபார்த்தேன். இரண்டு வாரம் முன்னால் முப்பத்தொன்று, போன வாரம் நாற்பத்தெட்டு, நேற்று அறுபத்துநான்கு. நடுவிரல் ஏழுதான். எண்ணிக்கையைவிட முக்கியமானது, யார் அடிக்கிறார்கள் என்பது. பின்னால் துப்பாக்கி மாட்டிய பிக்அப் வண்டிகள். நம் பக்கத்து ஆட்கள் அல்ல. எதிர்த்தரப்புக் கொடியும் ஒட்டுப்படமுமாக வருகிறார்கள், சந்திப்பில் வேகத்தைக் குறைக்கிறார்கள், எங்களைப் பார்த்து ஹாரன் அடித்துவிட்டுப் போகிறார்கள். சிரிப்பதில்லை. ஏதோ கடமை போல அடிக்கிறார்கள். பால் வண்டி நீளமாக ஒரு ஹாரன் கொடுத்தது, அது மறையும் வரை கையசைத்தேன்.

நேற்று ஒருவன் தொப்பியைக்கூடத் தொட்டான். யார் தெரியுமா? நீ காபி ஊற்றினாயே, அவன். நான் கையசைத்தேன். சிரித்துக் கையசைத்தால் ஒரு நாள் இறங்கி வருவார்கள் என்று நான் சொன்னேனா இல்லையா?

லோவல் சொல்கிறார், "ஆர்லிஸ், நாப்பது வருஷம் பிரசங்கம் பண்ணேன். ஒருத்தன் மனசுகூட மாறி நான் பாக்கல. இப்பத்தான் பாக்கறேன்."

இரண்டு வேளை சாப்பிடுகிறேன். நன்றி செலுத்தும் நாள் விருந்துக்கு வருவாயா? வான்கோழி சின்னதுதான், ஆனாலும் ஒரு ஆளுக்கு அதிகம்.

ஆர்லிஸ்

கிரெஸ்டன்
நவம்பர் 30

ஆர்லிஸ்,

வர முடியவில்லை. மானில் மோதிய வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. நீ சாப்பிடுவது சந்தோஷம்.

ஸ்கிப்புக்கு மாதத் தொடக்கத்திலேயே மான் கிடைத்தது. பத்துக் கிளைக் கொம்பு. அவன் இடுப்பு வலியும் போய்விட்டது.

ஹாரன் ஹாரன்தான், ஆர்லிஸ். அதை வைத்து ரொம்ப யோசிக்காதே. கேட்டுவிட்டுச் சந்தோஷப்படு, அவ்வளவு போதும்.

ஓரின்

ஆல்டர் ஃபோர்க்
ஜனவரி 4

அன்புள்ள ஓரின்,

உனக்கு ஒரு செய்தி. மார்னி கூபியாக் ஏப்ரல் தேர்தலில் மாவட்ட மன்றத்துக்கு நிற்கிறாள்.

பள்ளி நூலகத்தில் இருக்கிறாளே, மஞ்சள் மழைக்கோட்டோடு எனக்கு அடுத்து நிற்பாளே, அவள்தான். நம் பகுதியின் உறுப்பினர் பதினாறு வருஷமாகப் போட்டியில்லாமல் வருகிறவர், தேர்தல் அலுவலரை நியமிக்கும் யோசனையே அவருடையதுதான். ஒரே ஒரு இடம் மாறினால் அது நிறைவேறாது.

லோவலின் சமையலறையில் பேசினோம். மார்னி முதலில் மாட்டேன் என்றாள். அவள் வேலை வருஷா வருஷம் புதுப்பிக்கும் ஒப்பந்தம். அந்த உறுப்பினரின் தம்பி பள்ளி நிர்வாகக் குழுவில் இருக்கிறார். தனியாகப் பெண்ணை வளர்க்கிறாள், வீட்டுக் கடன் வேறு. கையைப் பிசைந்துகொண்டே இருந்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஆர்லிஸ், இவங்க எல்லாம் ஆசையில பேசறாங்க. நீங்க அப்படிப் பேசமாட்டீங்க. எண்ணிக்கைன்னு வந்தா இந்த ஊர்ல நான் நம்பறது உங்க ஒருத்தரைத்தான். ஜெயிப்பேனா?"

நான் குறிப்பேட்டைத் திறந்து காட்டினேன். அக்டோபரில் பதினேழு. டிசம்பர் கடைசியில் நூற்றுப் பதினெட்டு. வேட்டைக் காலம் முடிந்தும் குறையவில்லை, உறைந்த ஏரியில் மீன் பிடிக்கப் போகிறவர்களும் அடிக்கிறார்கள். அதில் பாதிக்கு மேல் எதிர்ப்பக்கத்து வண்டிகள். "அடிக்கறவங்க மனசு மாறிட்டே இருக்கு, மார்னி. ஜெயிப்பே," என்றேன்.

அவள் குறிப்பேட்டை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு பேனா கேட்டாள். நேற்று முன்தினம் மனுத் தாக்கல் செய்தாகிவிட்டது.

முப்பத்தொரு வருஷம் மற்றவர்களின் வாக்கை எண்ணிக் கொடுத்தேன். ஒருவரிடமும் யார் ஜெயிப்பார் என்று சொன்னதில்லை. முதல் தடவையாகச் சொல்லியிருக்கிறேன்.

ஆர்லிஸ்

கிரெஸ்டன்
ஜனவரி 8

ஆர்லிஸ்,

அவளைத் தடு.

மனுவைத் திரும்பப் பெற இன்னும் வழியிருக்கும், உனக்குத்தான் அந்த விதியெல்லாம் தெரியுமே. ஹாரன் அடிக்கிறவன் வாக்களிப்பான் என்று யார் சொன்னது? அவன் எதற்கு அடிக்கிறான் என்று யாரையாவது நிறுத்திக் கேட்டாயா? இங்கே கிரெஸ்டனில் நான் தினமும் இந்த ஆட்களோடுதான் இருக்கிறேன். ஒருத்தனும் மாறவில்லை. நான் சொல்வதை நம்பு. காரணம் கேட்காதே.

ஓரின்

ஆல்டர் ஃபோர்க்
ஜனவரி 13

ஓரின்,

மனுவைத் திரும்பப் பெற முடியாது. பெயர் வாக்குச்சீட்டுக்குப் போய்விட்டது. முடிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

நீ எப்போதுமே இப்படித்தான். எட்டு மாதம் எங்களோடு நின்றாய், ஒரு நாளாவது நம்பி நின்றாயா? எனக்குக் குளிருமே என்று துணைக்கு நின்றாய். இப்போது வெளியே போய்விட்டாய், வெளியே இருக்கிறவனுக்கு எல்லாம் தெரியும். யாரையும் நிறுத்திக் கேட்கவில்லைதான். வாக்குச்சாவடியில் ஒருவரை நிறுத்தி "நீங்கள் ஏன் இவருக்குப் போட்டீர்கள்?" என்று கேட்பது குற்றம். அந்தப் பழக்கத்தில் இருந்துவிட்டேன்.

காரணம் சொல்ல முடியாத கருத்துகளை இனி எழுத வேண்டாம்.

ஆர்லிஸ்

ஆல்டர் ஃபோர்க்
பிப்ரவரி 8

ஓரின்,

எழுத வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். நீ எழுதவில்லை. இப்போது நானே எழுதுகிறேன்.

நேற்று ஹாரன் ஒன்பது. போன வாரம் நூற்று இருபத்தாறு. எண்ணி பனியில் உறைந்துவிட்டதா என்று தட்டிப் பார்த்தேன். அதே வண்டிகள், அதே ஆட்கள், பேசாமல் போனார்கள். பன்னிரண்டுக்குப் பிறகும் நான் மட்டும் இரண்டு மணி வரை நின்றேன், தாமதமாக வருகிறார்களோ என்று. மார்னி காரிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் இறங்கி வந்து, "வாங்க ஆர்லிஸ், உதடு நீலமாயிடுச்சு உங்களுக்கு," என்று கூட்டிக்கொண்டு போனாள். வழியில் ஒரே ஒரு தடவை கேட்டாள். "ஒரு வாரத்துல எல்லாரும் எங்க போயிட்டாங்க?" நான் குறிப்பேட்டைத் திறந்து மறுபடி பார்த்தேன்.

இரவு நெஞ்சில் ஏதோ கனம். மருத்துவர் ஒன்றுமில்லை என்றார், சும்மா வயது என்றார்.

உன்னிடம் எதுவும் கேட்கவில்லை. சொல்ல வேறு ஆள் இல்லை.

ஆர்லிஸ்

ஆல்டர் ஃபோர்க்
பிப்ரவரி 22

அன்புள்ள ஓரின்,

நூற்று நாற்பத்தொன்று. எல்லோரும் திரும்பி வந்துவிட்டார்கள்! நடுவில் வந்தது ஏதோ காய்ச்சல் வாரமாக இருக்கும் என்கிறார் லோவல். மார்னி அச்சகத்தில் இன்னும் ஐந்நூறு துண்டறிக்கைக்குச் சொல்லிவிட்டாள். அவள் பெண் வீட்டுக்கு வீடு கொடுக்கிறாள்.

ஆர்லிஸ்

ஆல்டர் ஃபோர்க்
ஏப்ரல் 9

ஓரின்,

பழைய உறுப்பினர் 731. மார்னி 188.

செருப்புக் கடைக்கு நேர் எதிரே இருக்கிற தீயணைப்பு நிலையத்தில்தான் வாக்குச்சாவடி. காலை ஏழிலிருந்து எதிர்ச்சாரியில் நின்று பார்த்தேன். எல்லா வண்டிகளும் வந்தன. ஒவ்வொன்றையும் எனக்குத் தெரியும். இறங்கினார்கள், வாக்களித்தார்கள், போனார்கள். பால் வண்டிக்காரர் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு உள்ளே போனார். அவர் யாருக்குப் போட்டார் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. இப்போது கேட்கத் தேவையும் இல்லை.

நேற்று மாலையே பள்ளி நிர்வாகக் குழு கூடியது. நூலகர் பணியிடம் அடுத்த வருஷத்துக்குத் தேவையில்லையாம். பிள்ளைகள் இப்போதெல்லாம் அதிகம் படிப்பதில்லை என்று ஒருவர் காரணம் சொன்னார். மறுப்பதற்கு ஆள் இல்லை.

வாக்குகள் ஒழுங்காக எண்ணப்பட்டன. நான் போய்ச் சரிபார்த்தேன். ஒரு தவறும் இல்லை. எங்காவது ஒரு தவறு இருக்கக் கூடாதா என்று என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஆசைப்பட்டேன்.

ஆர்லிஸ்

கிரெஸ்டன்
ஏப்ரல் 13

ஆர்லிஸ்,

உட்கார்ந்து படி.

அக்டோபரில் நீ சாப்பிடவில்லை என்று எழுதினாயே, அந்த வெள்ளிக்கிழமை மதுக்கடையில் ராசிப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. நான் சும்மா சொன்னேன். "ஆல்டர் ஃபோர்க் சந்திப்புல சனிக்கிழமை சனிக்கிழமை கிழடுங்க அட்டை புடிச்சுட்டு நிக்குதுங்கல்ல? அதுங்களைப் பாத்து ஒரு ஹாரன் அடிச்சேன். மறுநாளே எட்டுக் கிளைக் கொம்போட ஒரு மான் என் முன்னாடி வந்து நின்னுச்சு." எல்லோரும் சிரித்தார்கள். ஸ்கிப் சிரிக்கவில்லை. அவன் போய் அடித்தான். அவனுக்குப் பத்துக் கிளை விழுந்தது. அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நான் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. மானுக்கு அடித்தார்கள். ஏரி உறைந்ததும் மீனுக்கு அடித்தார்கள். பள்ளிக் கூடைப்பந்து அணி அரையிறுதிக்குப் போனதும் அதற்கும் அடித்தார்கள். அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவனும் படித்ததில்லை. என் காபியில் நனைந்தவன் தொப்பியைத் தொட்டது உனக்கல்ல. சிலுவைக்கு முன்னால் தொடுவார்களே, அந்த மாதிரி.

ஸ்கிப் பழுதுபார்த்த வண்டிகளை ஓட்டிப் பார்க்கும் சாக்கில் நானும் வருவேன், ஒவ்வொரு வாரமும் வேறு வேறு வண்டியில், தொப்பியைக் கண்வரை இழுத்துக்கொண்டு. நீ என்னைப் பார்க்கவில்லை. நீ எண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். உன் முகத்தை நான் பார்த்தேன். அதற்காகத்தான் வந்தேன்.

மார்னி நிற்கிறாள் என்று எழுதியபோது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். "காரணம் கேட்காதே" என்று எழுதினேன். கோழை எழுதுகிற வாக்கியம் அது. பிப்ரவரியில், "அந்த ராசி போயிடுச்சுப்பா, இப்ப அங்க ஹாரன் அடிச்சா மீன் ஓடிடுது," என்று சொல்லி நிறுத்திப் பார்த்தேன். ஒரே வாரத்தில் ஒன்பதுக்கு வந்தது. உன் கடிதம் வந்தது. உதடு நீலம், நெஞ்சில் கனம். வெள்ளிக்கிழமை மறுபடி மதுக்கடைக்குப் போய் ராசி திரும்பிவிட்டது என்றேன். அவர்களுக்கு அவ்வளவு சந்தோஷம். உனக்கும்.

உன் எண்ணியில் நான் கள்ள வாக்கு நிரப்பினேன், ஆர்லிஸ். வேறு பெயர் வைக்க முடிந்தால் வைத்திருப்பேன்.

உன் தம்பி

ஆல்டர் ஃபோர்க்
ஏப்ரல் 27

ஓரின்,

உன் கடிதத்தைக் குழுவின் முன் வாசித்தேன், மார்னி இப்போது வருவதில்லை. மறைப்பது முறையல்ல. ஸ்கிப்பின் மான் வரும் இடத்தில் லோவல் சிரித்துவிட்டார், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஒரே கையெழுத்து இரண்டு மனுவில் இருந்தால் எனக்குத் தெரிந்துவிடும். செத்தவர் பெயரில் வாக்குச்சீட்டு கேட்டு வந்தவனைக் கையோடு பிடித்திருக்கிறேன். எதிரே நூற்று நாற்பது பேர் மானுக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள், நான் ஒருத்தி அதை ஜனநாயகம் என்று எழுதி வைத்தேன். நீ பொய் சொன்னாய். ஆனால் அதற்கு முத்திரை குத்தி மார்னியிடம் கொடுத்தது நான். அவள் உன்னை நம்பவில்லை, என்னை நம்பினாள்.

அவளிடம் நீயே போய்ச் சொல். அதன் பிறகு எனக்கு எழுதலாம். அதற்கு முன் வேண்டாம்.

ஆர்லிஸ்

கிரெஸ்டன்
மே 11

ஆர்லிஸ்,

போனேன். வீட்டு முன்னால் விற்பனைப் பலகை. அவள் அட்டைப்பெட்டியில் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் அண்ணன் இருக்கிற ஊருக்குப் போகிறார்களாம், எட்டு மணி நேரப் பயணம். நின்றுகொண்டே சொன்னேன். முழுக்கக் கேட்டாள்.

"மானுக்கா?" என்றாள்.

"மானுக்குத்தான். அப்புறம் மீனுக்கு."

ஒரு பெட்டியை மூடி ஒட்டினாள். "ஹாரன் அடிக்கலைன்னாலும் நான் நின்னுருப்பேன்னு சொன்னா உங்களுக்கு நிம்மதியா இருக்கும், இல்ல?"

"இருக்கும்," என்றேன்.

"அதனால சொல்ல மாட்டேன்."

பிறகு என்னையே பெட்டிகளை வண்டியில் ஏற்றச் சொன்னாள். பதினேழு பெட்டி. ஏற்றினேன். கடைசியில், "அந்த நூத்தி எம்பத்தெட்டுப் பேர் யாருன்னு உங்க அக்காவுக்குத் தெரியுமா? ஒருத்தர்கூட எங்கிட்ட வந்து சொல்லல," என்றாள். தெரியாது என்றேன். கதவைச் சாத்திக்கொண்டாள், சத்தம் வராமல்.

மதுக்கடையிலும் உண்மையைச் சொன்னேன். ஸ்கிப் நம்பவில்லை. "நீ பொய்னு சொல்லு, கொம்பு என் சுவத்துல இருக்கு," என்கிறான்.

சனிக்கிழமை வந்து நிற்கட்டுமா? அட்டை இல்லாமல்கூட நிற்கிறேன்.

ஓரின்

ஆல்டர் ஃபோர்க்
மே 31

அன்புள்ள ஓரின்,

நீ வந்து நிற்பதற்கு இப்போது குழு இல்லை. போன வாரம் வாக்கெடுப்பு நடந்தது. கலைத்துவிடலாம் என்று நான்கு பேர், தொடரலாம் என்று மூன்று பேர். சமமாக வரவில்லை. அதனால் தலைவரின் வாக்கு தேவைப்படவில்லை. நான் எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பெரும்பான்மை முடிவு. அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்றுதானே பதினைந்து மாதம் அட்டை பிடித்தோம். அட்டைகளை லோவல் தோட்டத்துத் தக்காளிச் செடிகளுக்கு முட்டுக் கொடுக்க எடுத்துக்கொண்டார்.

மாவட்ட மன்றமும் செவ்வாய்க்கிழமை முடிவெடுத்துவிட்டது. இனித் தேர்தல் அலுவலர் நியமனம்தான். புதிதாக வந்தவர் மரியாதையான பையன். பழைய பதிவேடுகள் எங்கே என்று கேட்டு என்னிடமே வந்தான். காட்டிக் கொடுத்தேன்.

எண்ணியை மார்னிக்கு அனுப்பினேன், என்ன எழுதுவது என்று தெரியாமல் ஒன்றும் எழுதாமல். திரும்பி வந்துவிட்டது. முகவரியில் ஆள் இல்லை.

நேற்று சனிக்கிழமை. பத்தே முக்காலுக்குக் கால் தானாகக் கிளம்பிவிட்டது. அட்டை இல்லை, எண்ணி இல்லை. குழுவின் முடிவை மீறவில்லை, சாலையைக் கடக்கக் காத்திருக்கும் ஒரு பெண்ணாக நின்றேன். ஒரு மணி நேரம் காத்திருந்தேன். இப்போது வேட்டையும் இல்லை, பனியும் இல்லை, கூடைப்பந்தும் முடிந்துவிட்டது. வண்டிகள் அமைதியாகப் போயின. நடுவிரலைக்கூட யாரும் காட்டவில்லை. அதற்கும் ஒரு அட்டை வேண்டும் போலிருக்கிறது.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பின்னால் ஒரு ஹாரன். நீளமாக இல்லை, ஒன்றே ஒன்று. என் கட்டைவிரல் வெறும் உள்ளங்கையில் ஒரு தடவை அமுங்கியது. திரும்பினேன். செருப்புக் கடையை யாரோ கிடங்காக வாங்கியிருக்கிறார்கள், சரக்கு வண்டி உள்ளே திரும்ப நின்றுகொண்டிருந்தது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, "அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வண்டி வளையணும்," என்றான். நல்ல குரல். தள்ளி நின்றேன்.

ஓரின், எங்களைப் பார்த்து அடித்த அத்தனை ஹாரன்களிலும், எதற்கு அடித்தார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது அந்த ஒன்றுதான்.

ஆர்லிஸ்